ஏழு, ஒன்பது, பதினொன்று

யான்பிங் அழுகிறவள் இல்லை. தொலைபேசியில் ஒருமுறை மூக்கை உறிஞ்சினாள், அவ்வளவுதான்.

"அண்ணி, ரிசல்ட் வந்துடுச்சு. ஒண்ணும் இல்ல. பூஞ்சை போட்ட பாத்தியும் போடாத பாத்தியும் கிட்டத்தட்ட ஒண்ணுதான்."

நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். ஒரு கை தண்ணீருக்குள் அப்படியே நின்றது.

"கிட்டத்தட்டன்னா?"

"சராசரி எடுத்தா அப்படி. தனித்தனியா பாத்தா ஒண்ணு, மூணு, அஞ்சாம் பாத்தி நான் நெனச்சதுக்கும் மேல. வேர்ல மருந்துச் சத்து அவ்ளோ ஏறியிருக்கு. ஆனா ஏழு, ஒம்பது, பதினொண்ணு சும்மா கெடக்கு. பூஞ்சையே போடாத மாதிரி. நாந்தான் எங்கயோ கோட்டை விட்டுட்டேன். அந்த மூணுக்கும் செத்த கலவைய போட்டிருப்பேன். இல்லன்னா பூஞ்சையே நிலையில்லாத ஜாதி."

"அப்படியெல்லாம் இருக்காது," என்றேன். என் குரல் எனக்கே யாரோ பக்கத்து அறையில் பேசுவதுபோலக் கேட்டது.

"எங்க நிலையத் தலைவர் வலைக் கொட்டகையக் காலி பண்ணச் சொல்லிட்டார். மொளகா நாத்துக்கு எடம் வேணுமாம். நாளைக்குத் தொட்டியெல்லாம் கொட்டிடுவேன். நீங்க வியாழக்கிழமை தோண்ட ஆள் சொல்லிடுங்க அண்ணி. இனிமே எனக்காகக் காத்திருக்க வேணாம்."

போன் அடங்கியபிறகும் நான் அதைக் காதிலேயே வைத்திருந்தேன்.

ஏழு, ஒன்பது, பதினொன்று. அந்த மூன்று பாத்திகளையும் நான்தான் கெடுத்தேன். பதினாறு மாதங்களாக அது எனக்கு மட்டும் தெரியும்.

யான்பிங் என் கணவர் தெச்சாங்கின் தங்கை. மாவட்ட விவசாய நிலையத்தில் வேலை. சான்ச்சி என்ற மருந்துக் கிழங்கு விளைந்த மண் பத்து வருடத்துக்கு மறுபடி சான்ச்சியைத் தாங்காது என்பது எங்கள் வென்ஷான் மலைகளில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லாத சங்கதி. போட்டால் வேர் அழுகும். அழுகாமல் நின்றாலும் கிழங்கில் சாரம் இருக்காது. ரத்தத்தைக் கட்டுப்படுத்தும் அந்தக் கசப்பு நாக்கில் ஏறாது. எங்கள் மேட்டு நிலம் அப்படித்தான் ஏழு வருடம் வெறும் சோளத்தோடு கிடந்தது. "அதக் குடு அண்ணா, நான் பாக்கறேன்," என்று யான்பிங் வந்தாள். காட்டோரச் செடிகளின் வேரிலிருந்து ஒரு பூஞ்சையை எடுத்து, நான்கு வருடமாக மணல் தொட்டிகளில் சோளத்தின் வேரில் வளர்த்து வந்திருந்தாள். உயிருள்ள வேருக்குள் மட்டும்தான் அது பிழைக்குமாம். கண்ணாடிக் குடுவையில் போட்டு அலமாரியில் வைக்க முடியாது. சோளம் காய்வதற்குள் அடுத்த சோளத்துக்கு மாற்ற வேண்டும்.

"புருஷனுக்குப் பதிலா நாப்பது சோளத்தட்டையக் கட்டிக்கிட்டா," என்பாள் பக்கத்துத் தோட்டத்து ஹௌ அக்கா. "மாமியார் தொல்லை இல்ல, நல்ல முடிவு."

பன்னிரண்டு பாத்தி போட்டோம். ஒற்றைப்படையில் நாற்று நடும்போது வேருக்கடியில் பூஞ்சைக் கலவை. இரட்டைப்படையில் வெறும் மணல். பூஞ்சை வேருக்குள் நுழைந்துகொண்டால் மண்ணிலிருந்து சத்தை இழுத்துத் தரும், செடியிடமிருந்து சர்க்கரை வாங்கிக்கொள்ளும், அது உள்ளே இருக்கும்வரை செடி தன் கசப்பைக் கூட்டிக்கொண்டே போகும் என்றாள். அந்தக் கசப்புதான் மருந்து. என்னிடம் அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"இலைல என்ன வேணா தெளிங்க அண்ணி. வேர்ல மட்டும் எதையும் ஊத்தாதீங்க. அழுகலுக்கு ஊத்தற மருந்து நல்ல பூஞ்சை, கெட்ட பூஞ்சைன்னு ஆள் பாக்காது."

"சரி," என்றேன். சொன்னபோது அது உண்மைதான்.

என் பயத்துக்கு ஒரு பழைய வேர் உண்டு. எங்கள் முதல் தோட்டம் அழுகியது என் பூட்ஸால். பிறந்த வீட்டில் தோண்டும் வேலைக்கு உதவப் போயிருந்தேன். அங்கே அழுகல் வந்திருந்தது. அவர்கள் வெட்கப்பட்டு என்னிடம் சொல்லவில்லை. திரும்பி வந்த மறுநாள் அதே பூட்ஸோடு எங்கள் பாத்திகளுக்குள் நடந்தேன். மழை பிடித்ததும் ஒரு செடியின் இலை மஞ்சளாகித் தொங்கியது. இழுத்தேன். வேர் வரவில்லை, கூழ்தான் வந்தது. ஒன்பது நாளில் தோட்டம் முழுவதும் போனது. மண் எங்கிருந்து வந்தது என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தெச்சாங், "மழை யார் கைல இருக்கு," என்றார். என் மாமியார் எனக்குக் கோழிச்சாறு வைத்துக் கொடுத்தார். அந்தச் சாற்றைக் குடித்து முடித்தது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. என்னைத் திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் எதையாவது சொல்லியிருப்பேன், கணக்கு தீர்ந்திருக்கும். மன்னிக்கப்பட்டவளுக்குப் பேச எதுவும் மிச்சமிருப்பதில்லை. அன்றிலிருந்து நான் தோட்டத்தில் நடப்பதே அடுத்த தவறைத் தேடுகிறவளைப்போலத்தான்.

போன வருடம் ஜூலையில் பன்னிரண்டு நாள் விடாமல் மழை. பன்னிரண்டாம் நாள் சந்தை நாள். ஊரே கீழே இறங்கிப் போயிருந்தது. நான் கறுப்பு வலைப் பந்தலுக்கடியில் ஏழாம் பாத்தியருகே குனிந்து, பைன் ஊசிச் சருகை விலக்கி முகர்ந்தேன். அழுகல் வாசனை இருந்தது. இருந்தது என்றுதான் அன்று நினைத்தேன். இன்று கேட்டால், என் மூக்குக்குள்ளேயே அது பல வருடமாக இருந்திருக்கலாம் என்பேன். கொட்டகையில் பாதி டப்பா மருந்து கிடந்தது. கலக்கி ஏழில் ஊற்றினேன். ஊற்றி முடித்ததும் ஒன்பது ஆபத்தாகத் தெரிந்தது. ஒன்பது முடிந்ததும் பதினொன்று. பூஞ்சையில்லாத இரட்டைப்படைப் பாத்திகளைப் பற்றி எனக்குப் பயமே வரவில்லை. அவை யான்பிங்குடையவை அல்ல. அழுகினால் நாங்கள் பழகிய நஷ்டம். அவள் என்னை நம்பி விட்டுப்போனவை அழுகக்கூடாது. அதனாலேயே அவற்றைக் கொன்றேன். மருந்து தீர்ந்ததால்தான் ஒன்று, மூன்று, ஐந்து தப்பின.

கடைசியில் எதுவும் அழுகவில்லை. அழுகாததற்கு மருந்துதான் காரணம் என்று ஒரு வாரம் பெருமைப்பட்டேன். ஊற்றாத பாத்திகளும் அழுகவில்லை என்று அப்புறம்தான் மனது எண்ணிப் பார்த்தது.

தெச்சாங் சாப்பிட வந்தபோது யான்பிங் சொன்னதைச் சொன்னேன். என்னுடையதைச் சொல்லவில்லை. ஊறவைத்த மிளகாயைச் சோற்றில் பிசைந்துகொண்டே, "விடு. படிச்சவ. வேற ஆராய்ச்சி பண்ணுவா," என்றார்.

"ஆறு வருஷமா காப்பாத்தினது. கொட்டிட்டா போச்சே."

"காட்டுல மறுபடி எடுத்துக்கலாம்."

"அந்தக் காட்டுல இப்ப ரோடு போகுது."

என்னைப் பார்த்தார். "உனக்கென்ன இவ்ளோ கவலை? முகமே வெளுத்துக் கெடக்கு."

சொல்லியிருக்கலாம். அவர் மென்றுகொண்டிருந்தார். விழுங்கட்டும் என்று காத்திருந்தேன். விழுங்கினார், ஹௌ அக்கா வாசலில் வந்து நின்றாள், வியாழக்கிழமைக்கு எத்தனை ஆள் வேண்டும் என்று கேட்டாள். நான் அவளுக்குத் தேநீர் ஊற்ற எழுந்துபோனேன். இப்படித்தான் பதினாறு மாதம் போயிருக்கிறது. ஒவ்வொரு முறையும் யாராவது வாசலில் வந்து நிற்பார்கள். வராவிட்டால் நானே போய்க் கூப்பிட்டு வருவேன்.

"உங்க நாத்தனார் தோத்துட்டாளாமே?" ஹௌ அக்கா தேநீரை ஊதினாள். "பாவம். நான் அப்பவே சொன்னேன், வேருக்குள்ள ஒருத்தன குடிவெச்சா வாடகை தருவானா, சுருட்டிட்டுப் போவானான்னு யாருக்குத் தெரியும்."

எனக்குத் தெரியும். ஒன்று, மூன்று, ஐந்தில் அவன் வாடகை தந்திருந்தான். உலகத்தில் அதை உறுதியாகச் சொல்லக்கூடியவள் நான் ஒருத்திதான்.

மறுநாள் காலை எட்டு மணிக்கே மின் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அவள் நிலையத்துக்கு இறங்கினேன். வழியெல்லாம் வாக்கியத்தைத் தயார் செய்தேன். முதலில் "அந்த மழை ஞாபகம் இருக்கா" என்று ஆரம்பிப்பதா, இல்லை நேராகச் சொல்வதா. பாதி வழியில், அவள் இதற்குள் கொட்டி முடித்திருந்தால் எவ்வளவு நல்லது என்ற எண்ணம் வந்தது. வந்த வேகத்தில் பிரேக் பிடித்துவிட்டேன். பின்னால் வந்த லாரிக்காரன் தலையை நீட்டி, "சாவறதுக்கு எங்க ஊர் ரோடுதான் கெடச்சுதா?" என்றான். அந்த எண்ணம் என்னுடையதுதான் என்று ஒப்புக்கொண்டபிறகுதான் வண்டியை மறுபடி ஓட்ட முடிந்தது.

வலைக் கொட்டகையின் பின்னால் ஆவி வந்துகொண்டிருந்தது. பெரிய தகர டிரம்மில் பழைய மணலைக் கிருமி போக வேகவைத்துக்கொண்டிருந்தாள். கையில் ரப்பர் உறை. காலியான தொட்டிகள் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கப்பட்டிருந்தன. எண்ணினேன், பன்னிரண்டு.

"அண்ணி! என்ன இந்நேரத்துக்கு? அண்ணனுக்கு ஒண்ணுமில்லையே?"

"இல்ல. நீ அத நிறுத்து."

"சாப்டீங்களா? வாசல்ல நூடுல்ஸ் கடை இருக்கு, இதோ இன்னும் ஒரு மணி நேரம்..."

"யான்பிங், ஏழாம் பாத்தில நான் மருந்து ஊத்தினேன்."

அவள் கையிலிருந்த தொட்டியை உடனே கீழே வைக்கவில்லை. "என்ன மருந்து?"

"அழுகலுக்கு ஊத்தறது. வேர்ல."

"எப்போ?"

"போன வருஷம் அந்த மழைல. வாசனை வந்த மாதிரி இருந்துது."

தொட்டியை வைத்தாள். உறையைக் கழற்றினாள். கவிழ்த்த வாளியின்மேல் உட்கார்ந்து தன் நோட்டை எடுத்துப் புரட்டினாள். அவள் முகத்தில் கோபம் வருவதற்கு முன்னால் வேறொன்று வந்தது, ஒரு வெளிச்சம். விரல் எண்களின்மேல் ஓடியது. அந்த வெளிச்சத்தையும் நான் பார்த்தேன், அது அணைவதையும் பார்த்தேன்.

"ஏழு சரி. ஆனா ஒம்பதும் பதினொண்ணும் கம்மிதானே. அதுல ஊத்தல இல்ல?"

அப்போது சொல்லியிருக்க வேண்டும். வாய் திறந்துதான் இருந்தது. ஒரு பாத்தி என்றால் பயந்துவிட்டாள் என்பார்கள். மூன்று என்றால் வேறு பெயர். ஒன்றைச் சொன்னதே எனக்கு மலையைத் தள்ளியதுபோல இருந்தது. மிச்சத்தை அவளே ஊகித்துக்கொள்வாள் என்று, இத்தனை வயதில், ஒரு குழந்தையைப்போல நின்றேன்.

"அப்ப அதேதான்," என்றாள் யான்பிங். நோட்டை மூடினாள். "ஒரு பாத்தியக் கழிச்சாலும் ரெண்டு நிக்குது. கலவைதான் கோளாறு. சொன்னதுக்கு நன்றி அண்ணி. பரவால்ல. மனசுல வெச்சுக்காதீங்க."

உறையை மறுபடி மாட்டிக்கொண்டு அடுத்த தொட்டியின் சோளத்தட்டையைப் பிடித்து இழுத்தாள். மணலோடு வெள்ளை வேர்கள் கொத்தாக வெளியே வந்தன. அவள் அதை டிரம்முக்கு மேலே தூக்கினாள்.

"ஒம்பதும்," என்றேன். "பதினொண்ணும். மூணுலயும் ஊத்தினேன்."

வேர்க்கொத்து அவள் கையில் ஆடியது. கொஞ்சம் மணல் ஆவிக்குள் உதிர்ந்தது.

"என்ன சொன்ன?"

"மூணுலயும்."

"வேற எங்க?"

"வேற எங்கயும்... கேனை அலம்பின தண்ணி. பன்னெண்டாம் பாத்தி. வாய்க்கால் பக்கம்."

"எவ்ளோ?"

"ஒரு கேன். பாதி கேன்."

"ஒண்ணா, பாதியா? உண்மையச் சொல்லு!"

"பாதி."

அவள் கத்தத் தொடங்கினாள். அலுவலகக் கட்டிடத்து ஜன்னல் ஒன்று திறந்தது. "பதினாறு மாசம்! என்கூட ஒக்காந்து பூ கிள்ளின. என்கூட ஒக்காந்து சாம்பிள் தோண்டின. நேத்து போன்ல 'அப்படியெல்லாம் இருக்காது'ன்ன! எனக்கு என் கை மேலயே சந்தேகம் வந்துடுச்சு தெரியுமா? ராத்திரி பூரா பழைய நோட்ட எடுத்து நான் எங்க தப்பு பண்ணேன், எந்தத் தொட்டிய மாத்தினேன்னு பாத்துட்டிருந்தேன். இப்பக்கூட, இப்பக்கூட ஒண்ணுன்னு சொல்லிட்டு வாயப் பொத்திட்டு நின்ன. இதக் கொட்டியிருப்பேன். நீ பாத்துட்டே நின்னிருப்ப!"

"ஆமா," என்றேன்.

அந்த ஒரு சொல் அவளை இன்னும் கோபப்படுத்தியது. எனக்கோ, யாரோ இறுக்கிக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்ததுபோல மூச்சு உள்ளே போனது. அதற்காகவும் வெட்கப்பட்டேன்.

யான்பிங் கையிலிருந்த வேரை மறுபடி மணலில் புதைத்து, தட்டையைச் சுற்றி விரலால் அழுத்தினாள். வெந்த பன்னிரண்டு போனது போனதுதான். இருபத்தெட்டு மிஞ்சியது.

தலைவர் எங்களை நிற்கவைத்தே கேட்டார். நல்ல மனிதர்தான். "உங்க அண்ணி இப்ப வந்து வாயால சொல்றத வெச்சு நான் எப்படி ரிப்போர்ட்ட மாத்தறது? நாளைக்கு இன்னொருத்தர் அத்தை வந்து இன்னொண்ணு சொல்வாங்க," என்றார்.

"வேரே சொல்லும்," என்றாள் யான்பிங். "நாளைக்குத் தோண்டறதுக்குள்ள எடுத்துட்டு வரேன்."

மத்தியானமே மேட்டுக்குப் போனோம். அவள் தன் காரில், நான் பின்னால் ஸ்கூட்டரில். தெச்சாங் பந்தலின் கழிகளை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் நானே சொன்னேன், இந்த முறை எல்லாவற்றையும் ஒரே மூச்சில். அவர் கழியைச் சாய்த்துவைத்துவிட்டு வெளியே போய்க் குந்தி உட்கார்ந்து இரண்டு சிகரெட் பிடித்தார். திரும்பி வந்து, "எனக்காவது சொல்லியிருக்கலாம்," என்றார். என்னைப் பார்க்காமல்தான் சொன்னார்.

யான்பிங் ஒவ்வொரு பாத்தியிலும் மயிர்போன்ற நுனிவேர்களை மட்டும் கிள்ளி எடுத்தாள். பன்னிரண்டாம் பாத்தியின் வாய்க்கால் ஓரத்திலிருந்து தனியாக. அதை வெந்நீரில் வேகவைத்து, வினிகரில் பேனா மை கலந்து ஊறவைத்து, நுண்ணோக்கிக் கண்ணாடியின் கீழ் பார்ப்பார்களாம். பூஞ்சை மட்டும் நீலமாகத் தெரியும். எனக்கு யாரும் காட்டவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் போனில் சொன்னாள். ஒன்று, மூன்று, ஐந்தில் வேருக்குள் நீலம் நிறைந்து கிடக்கிறது. ஏழிலும் ஒன்பதிலும் எதுவும் இல்லை. பதினொன்றில் ஒரு ஓரத்தில் லேசாக. தலைவரே குனிந்து பார்த்தாராம். வலைக் கொட்டகையில் பாதியை விட்டுக்கொடுத்தார். இன்னொரு தடவை முதலிலிருந்து, இருபத்தெட்டுத் தொட்டியோடு.

"நல்லது," என்றேன். "அப்ப கீழ் நிலத்த உழுது வெக்கட்டுமா? அதுவும் பழைய சான்ச்சி மண்ணுதான்."

அந்தப் பக்கம் அவள் எதையோ மூடிவைக்கும் சத்தம் கேட்டது.

"உங்க நெலம் வேணாம் அண்ணி. ஹௌ அக்காகிட்ட பேசிட்டேன்."

நியாயம்தான். அந்தச் சொல்லை நான் பலமுறை எனக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன், அது எந்தப் பக்கத்திலும் உடையவில்லை. குளிர்காலத்தில் ஹௌ அக்காவின் தோட்டத்தில் நாற்று நட்டார்கள். என்னைக் கூப்பிடவில்லை. புத்தாண்டுக்கு யான்பிங் வந்தாள், நாங்கள் அரிசிமாவு உருண்டை பிடித்தோம், என் மகளின் பரீட்சையைப் பற்றிப் பேசினோம். சான்ச்சி என்ற சொல் மேசையைச் சுற்றிச் சுற்றி வந்து உட்கார இடமில்லாமல் போனது.

ஜூன் கடைசியில் மழை பிடித்தது. முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை. எட்டாம் நாள் என் கால்கள் தாமாக வேலிவரை போயின. ஹௌ அக்காவின் கறுப்பு வலையிலிருந்து தண்ணீர் நூல் நூலாக இறங்கியது. உள்ளே பைன் சருகு கனத்துக் கிடந்தது. வடிகால் ஓரிடத்தில் அடைத்திருந்தது, அல்லது எனக்கு அப்படித் தெரிந்தது. மூக்கை உயர்த்தினேன். உடனே வீட்டுக்கு ஓடிவந்து யான்பிங்கை அழைத்தேன்.

"என்ன அண்ணி?"

"மழை விடல."

"தெரியும். இங்கயும் பெய்யுது."

"ஹௌ அக்காகிட்ட சொல்லியிருக்கியா? வேர்ல எதையும்..."

"சொல்லியிருக்கேன். எழுதியும் குடுத்திருக்கேன். மருந்து டப்பாவையெல்லாம் நானே எடுத்துட்டு வந்துட்டேன்." பிறகு, அவள் குரலில் சிரிப்புபோல ஏதோ ஒன்று அசைந்தது. "அவங்க உங்கள மாதிரி கெடையாது அண்ணி. சோம்பேறி. மழை பெஞ்சா போத்திட்டுப் படுத்துடுவாங்க. பூஞ்சைக்கு அந்த மாதிரி ஆளுதான் வேணும்."

"வடிகால் அடச்ச மாதிரி தெரியுது. நான் வேணா போய் ஒரு நிமிஷம் பாத்துட்டு..."

"போகாதீங்க."

"உள்ள இல்ல. ஓரமா."

"அண்ணி. போகாதீங்க. நான் சனிக்கிழமை வந்து பாக்கறேன்."

போனை வைத்தேன். சனிக்கிழமைக்கு நான்கு நாள் இருந்தது. பூட்ஸைக் கழற்றித் துடைத்து வாசலில் வைத்தேன். பிறகு அது கண்ணில் படாமலிருக்கக் கட்டிலுக்கடியில் தள்ளினேன். ஜன்னலோரம் உட்கார்ந்து மடியில் கைகளைக் கோத்துக்கொண்டேன். அவை சும்மாயிருக்கப் பழக்கமில்லாமல் ஒன்றையொன்று பிசைந்தன.

அன்று நான் போகவில்லை. மறுநாளும் மழை பெய்தது.